மண் தின்னும் குழந்தை: புதிய பெற்றோருக்கான வழிகாட்டி

ஒரு வயதை ஒட்டிய குழந்தை வாசலில் அமர்ந்து மண்ணை அள்ளி வாயில் போட்டுக்கொள்வதைப் பார்க்கும்போது, புதிதாகப் பெற்றோரானவர்களுக்கு அருவருப்பும் அச்சமும் ஒருசேர எழுகின்றன. பெரும்பாலான வீடுகளில் அதற்கு அடுத்து நடப்பவை ஓர் அதட்டல், முதுகில் ஓர் அடி, பின்னர் காரணம் பற்றிய விவாதம். வயிற்றில் பூச்சி இருக்கிறது என்பார் ஒருவர். சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்பார் மற்றொருவர். வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடும் என்பார் இன்னொருவர். இவற்றுள் எதையும் சோதித்துப் பார்க்காமலே பல மாதங்கள் கழிந்துவிடுகின்றன. குழந்தை தொடர்ந்து மண் தின்றால், அதைக் குறும்பு என்று ஒதுக்காமல் உடல் தரும் ஓர் அறிகுறியாக எடுத்துக்கொண்டு காரணத்தைத் தேட வேண்டும். அந்தத் தேடலை எங்கே தொடங்கி எவ்வாறு கொண்டுசெல்வது என்பதைப் படிப்படியாக விளக்குகிறேன்.

மண்ணை வாயில் வைத்த அந்த நேரத்தில்

முதலில் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். அழுகிறது, இருமுகிறது, குரல் வருகிறது என்றால் மூச்சுப் பாதை திறந்திருக்கிறது என்று பொருள். வாய்க்குள் கண்ணுக்குத் தெரியும் கல்லையோ கட்டியையோ விரல் நுனியால் பக்கவாட்டில் தள்ளி எடுக்கலாம்; கண்ணுக்குத் தெரியாததைத் தேடித் தொண்டைக்குள் விரலை விடக் கூடாது, ஏனெனில் அது பொருளை இன்னும் உள்ளே தள்ளிவிடக்கூடும். குரல் எழாமல், இரும முடியாமல், உதடு நீலம் பாரித்தால் ஒரு நொடியும் தாமதிக்காமல் செயல்பட வேண்டும். ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையாயின் முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்குமாறு பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பாகத்தால் ஐந்து முறை தட்டுங்கள். பொருள் வெளிவராவிட்டால் மல்லாத்தி, நெஞ்செலும்பின் நடுவே இரு விரல்களால் ஐந்து முறை அழுத்துங்கள். அடைப்பு நீங்கும் வரை இவ்விரண்டையும் மாறி மாறிச் செய்ய வேண்டும். ஒரு வயதைக் கடந்த குழந்தைக்கு முதுகில் தட்டுவதோடு, பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்கும் நெஞ்செலும்புக்கும் இடையே உள்நோக்கி மேலாக அழுத்த வேண்டும். இதற்கிடையே வீட்டில் இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

மூச்சுத்திணறல் இல்லையென்றால் பதற்றத்துக்கு இடமில்லை. ஈரத்துணியால் வாயையும் நாக்கையும் துடைத்து, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஆறு மாதம் கடந்த குழந்தையாயின் சிறிது காய்ச்சி ஆறவைத்த நீரைக் கொடுத்தால் போதும். உப்பு நீர் புகட்டியோ தொண்டைக்குள் விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பிறகு அந்த மண் எங்கிருந்து வந்தது என்பதைச் சென்று பாருங்கள். பூச்சிமருந்து தெளித்த பாத்தி, உரம் போட்ட தொட்டி, எலி மருந்து வைத்த மூலை, மண்ணெண்ணெய் சிந்திய இடம் ஆகியவற்றிலிருந்து வந்திருந்தால், குழந்தை நலமாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்; அந்த மருந்தின் டப்பாவையோ உறையையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

இயல்பான ஆராய்ச்சியா, பழக்கமாகிவிட்ட வேட்கையா?

ஒன்பது, பத்து மாதத்தில் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சிறு பொருள்களைக் கிள்ளியெடுக்கும் திறமை குழந்தைக்கு வந்துவிடுகிறது. எடுத்ததை வாயில் வைத்துப் பார்த்துத்தான் அது எப்படிப்பட்டது என்று குழந்தை அறிந்துகொள்கிறது. இந்த வயதில் மண்ணை ஒரு முறை சுவைத்து, முகத்தைச் சுளித்துத் துப்பிவிடும் குழந்தையைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. ஒன்றரை, இரண்டு வயதுக்குள் இந்த வழக்கம் படிப்படியாகக் குறையும்.

கவனிக்க வேண்டியது வேறொரு வகையை. மண்ணைத் தேடிப் போகும் குழந்தை, பிறர் பார்க்காத நேரம் பார்த்துத் தின்னும் குழந்தை, வாய் நிறைய வைத்துச் சுவைத்து விழுங்கும் குழந்தை, தடுத்தால் அடம்பிடித்து மீண்டும் அதே இடத்துக்குச் செல்லும் குழந்தை ஆகியவை அவ்வகையைச் சேர்ந்தவை. பொருள் மண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சுவரிலிருந்து உதிரும் சுண்ணாம்பு, செங்கல் பொடி, அடுப்புச் சாம்பல், திருநீறு, சிலேட்டுக் குச்சி, சாக்பீஸ், ஊறவைக்காத பச்சரிசி என்று ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு விருப்பம் அமைகிறது. உணவல்லாத பொருளை ஒரு மாதமோ அதற்கு மேலோ தொடர்ந்து தின்பதை மருத்துவர்கள் பைக்கா என்று அழைக்கிறார்கள். எதையும் வாயில் வைப்பது இயல்பாக உள்ள வயது என்பதால், பொதுவாக இரண்டு வயதுக்கு முன்னர் அவர்கள் அந்தப் பெயரைச் சூட்டுவதில்லை. பெயர் சூட்டும் வயது வரவில்லை என்பதற்காகக் காரணம் தேடுவதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஒன்றேகால் வயதுக் குழந்தை நாள்தோறும் மண்ணைத் தேடித் தின்றால் இப்போதே ரத்தம் பார்ப்பது நல்லது.

ஒரு வாரம் அமைதியாகக் கவனித்து ஒரு தாளில் குறித்து வையுங்கள். எந்தப் பொருள், எந்த இடம், எந்த நேரம், ஏறக்குறைய எவ்வளவு, அதற்கு முன்னர் என்ன சாப்பிட்டிருந்தது, யாருடைய பொறுப்பில் இருந்தது என்பவை போதும். இக்குறிப்பு இருந்தால் மருத்துவமனையில், "எப்போது பார்த்தாலும் மண் தின்கிறது டாக்டர்" என்று சொல்வதற்கு மாறாக, முற்பகல் பசி நேரத்தில் பின்கட்டுச் சுவரிலிருந்து சுண்ணாம்பைச் சுரண்டித் தின்கிறது என்று தெளிவாகச் சொல்ல முடியும். அந்த ஒரு வரியே சோதனையின் போக்கை மாற்றிவிடும்.

ரத்தப் பரிசோதனை: தள்ளிப்போடக் கூடாத படி

மண் தின்னும் குழந்தைகளில் முதலில் தேட வேண்டியது இரும்புச்சத்துக் குறைபாடு. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டில் அது 57 விழுக்காடு. இத்தனை பரவலாக இருப்பதாலேயே வெளிறிய நிறத்தை, "பிறந்ததிலிருந்தே நல்ல வெளுப்பு" என்று மகிழ்ந்து கடந்துவிடுகிறோம். உள்ளங்கையும் கீழ் இமையின் உட்புறமும் வெளிறியிருத்தல், எளிதில் களைத்துப்போதல், பசியின்மை, காரணமில்லாத சிணுங்கல் ஆகியவை மண் தின்பதோடு சேர்ந்திருந்தால் சந்தேகம் வலுப்படுகிறது. இவை எவையும் தென்படாவிட்டாலும் சோதனை தேவை.

இரும்புச்சத்துக் குறைவதால் மண் மீது வேட்கை பிறக்கிறதா, மண் தின்பதால் இரும்புச்சத்துக் குறைகிறதா என்று கேட்டால், இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பதே விடை. களிமண் குடலில் இரும்பையும் துத்தநாகத்தையும் பற்றிக்கொண்டு, உணவிலிருந்து அவை உடலில் சேர்வதைக் குறைக்கிறது. வயிறு மண்ணால் நிறைவதால் சோற்றின் அளவும் குறைகிறது. சத்துக் குறையக் குறைய வேட்கை கூடுகிறது. மண்ணுக்குள் இரும்பு இருக்கிறதே, அது உடலுக்குச் சேராதா என்று சிலர் கேட்பதுண்டு. மண்ணில் உள்ள இரும்பின் பெரும்பகுதி குடல் உறிஞ்ச முடியாத வடிவில் இருக்கிறது.

சுண்ணாம்புச் சத்துக் குறைவால் குழந்தை மண் தின்கிறது என்ற நம்பிக்கையும் இங்கே தடையாக நிற்கிறது. அதை நம்பிக் கால்சியம் டானிக்கை மாதக்கணக்கில் புகட்டும் வீடுகளில், உண்மையான குறை கண்டறியப்படாமலே இருந்துவிடுகிறது. அத்துடன் கால்சியத்தை உணவோடு சேர்த்துக் கொடுத்தால் அது இரும்பு உடலில் சேர்வதையும் குறைக்கும்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஹீமோகுளோபின் அளவைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 11 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை என்று நம் நாட்டு அரசுத் திட்டங்கள் கொள்கின்றன. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடலின் இரும்புச் சேமிப்பு தீர்ந்திருக்கக்கூடும். அதைக் காட்டுவது ஃபெர்ரிட்டின் என்னும் சோதனை. மண் தின்பது தொடர்ந்தும் முதற்சோதனை இயல்பாக வந்தால், ஃபெர்ரிட்டினும் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

குறைபாடு உறுதியானால் மருத்துவர் எடைக்கேற்ற அளவில் இரும்புச்சத்து சிரப் எழுதித் தருவார். அதைப் பாலோடு கலக்காமல், இரண்டு உணவுகளுக்கு இடைப்பட்ட நேரத்தில், முடிந்தால் சிறிது எலுமிச்சை அல்லது சாத்துக்குடிச் சாறோடு கொடுங்கள். மலம் கறுப்பதைக் கண்டு நிறுத்த வேண்டாம். அது இரும்பின் நிறம். பல்லில் கறை படியாமலிருக்க மருந்தை நாக்கின் பின்பகுதியில் விட்டு, பின்னர் நீர் கொடுக்கலாம். பல குழந்தைகளிடம் மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே மண் மீதுள்ள நாட்டம் குறைந்துவிடுகிறது. அதோடு மருந்தை நிறுத்தினால் வேட்கை திரும்பி வரும். ஹீமோகுளோபின் இயல்புக்கு வந்த பின்னும் சேமிப்பு நிரம்பும் வரை, மருத்துவர் சொல்லும் மாதங்கள் முழுவதும் கொடுக்க வேண்டும். ஓர் எச்சரிக்கையும் உண்டு: இரும்புச்சத்து மருந்தை அளவுக்கு மீறி விழுங்குவது சிறு குழந்தைகளின் உயிருக்கே ஆபத்தாகும். புட்டியைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். தாய் சாப்பிடும் இரும்புச்சத்து மாத்திரைகளையும் அவ்வாறே வையுங்கள்.

குறைபாடு இல்லாத குழந்தைகளுக்கும் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரு முறை 1 மி.லி. வீதம் தடுப்பு அளவிலான இரும்புச்சத்து, ஃபோலிக் அமில சிரப் கொடுப்பது அரசுத் திட்டத்தில் உள்ளது. உங்கள் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ அங்கன்வாடிப் பணியாளரிடமோ கேட்டுப் பெறலாம். கொடுத்த புட்டி அலமாரியில் திறக்காமலே கிடக்கும் வீடுகள் மிகுதி என்பது வருத்தத்துக்குரியது.

பூச்சி மாத்திரை

மண் தின்னும் குழந்தைக்குக் குடற்புழு சேர்வதற்கான வாய்ப்பு கூடுதல். மனித மலம் கலந்த மண்ணில் உருளைப்புழு, சாட்டைப்புழு ஆகியவற்றின் முட்டைகள் சில வாரங்களில் தொற்றும் நிலையை அடைகின்றன. உருளைப்புழுவின் முட்டைகள் சாதகமான மண்ணில் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கவல்லவை. கொக்கிப்புழு பெரும்பாலும் வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே நுழைகிறது. குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சுவதால் இரும்புச்சத்துக் குறைவுக்கு அதுவும் ஒரு காரணமாகிறது. ஆகவே வயிற்றில் பூச்சி என்று பாட்டி சொல்வதைத் தள்ளிவிட வேண்டாம்; ஆனால் பூச்சி மாத்திரை கொடுத்ததோடு எல்லாம் முடிந்தது என்றும் எண்ண வேண்டாம்.

ஒரு வயதிலிருந்து அரசு ஆண்டுக்கு இரு முறை அல்பெண்டசோல் மாத்திரையை அங்கன்வாடிகளில் வழங்குகிறது. ஒன்று முதல் இரண்டு வயது வரை 200 மி.கி., அதாவது அரை மாத்திரை. இரண்டு வயதுக்கு மேல் 400 மி.கி. கொண்ட முழு மாத்திரை. சிறு குழந்தைக்கு முழுதாகக் கொடுக்காமல், நன்கு பொடித்து நீரில் கலந்து புகட்ட வேண்டும். காய்ச்சலோ வேறு நோயோ இருக்கும் நாளில் தவிர்த்துவிட்டு, குணமான பின் கேட்டுப் பெறலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கடையில் தானாக வாங்கிக் கொடுக்கக் கூடாது.

ஈயம்: பலரும் எண்ணிப் பார்க்காத ஆபத்து

மண்ணில் உள்ள கிருமியைப் பற்றி அஞ்சும் அளவுக்கு நாம் ஈயத்தைப் பற்றி அஞ்சுவதில்லை. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை 2000-ஆம் ஆண்டில் நின்றது. வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை மிகச் சிறிய அளவுக்குக் கட்டுப்படுத்தும் விதி 2017 இறுதியில் நடைமுறைக்கு வந்தது. ஈயம் மட்கி மறைவதில்லை. பழைய நெடுஞ்சாலை ஓரத்து மண்ணிலும், பலமுறை பெயிண்ட் அடித்த பழைய கதவு, சன்னல் கம்பிகளின் செதில்களிலும், பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் பட்டறைகளைச் சுற்றிய நிலத்திலும் அது தங்கியிருக்கலாம். சிறு குழந்தையின் குடல், வயது வந்தோரைவிடப் பல மடங்கு ஈயத்தை உறிஞ்சுகிறது. இரும்புச்சத்துக் குறைந்திருந்தால் இன்னும் கூடுதலாக உறிஞ்சுகிறது. வளரும் மூளைக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் கிடையாது. மேற்சொன்ன சூழல்களில் ஏதேனும் ஒன்றில் நீங்கள் வசித்தாலோ, வீட்டில் ஒருவர் பேட்டரி, பெயிண்ட், உலோகம் உருக்கும் வேலைக்குச் சென்று அதே உடையோடு குழந்தையைத் தூக்குபவராக இருந்தாலோ, மருத்துவரிடம் அதைச் சொல்லி ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். கதவின் பழைய பெயிண்டைச் சுரண்டும் வேலை நடக்கும் நாள்களில் குழந்தையை வேறு வீட்டில் வைத்திருங்கள்.

தட்டில் செய்ய வேண்டிய மாற்றங்கள்

பால்தான் குழந்தைக்கு முழு உணவு என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பசும்பாலில் இரும்பு மிகக் குறைவு. ஒரு வயதுக்கு முன் அதைப் பருகும் பாலாகக் கொடுக்கக் கூடாது. ஒரு வயதுக்குப் பின்னும் நாளொன்றுக்கு அரை லிட்டரைத் தாண்டக் கூடாது. புட்டிப்பால் குடித்தே வயிறு நிறையும் குழந்தைக்குச் சோறு இறங்காது. அந்தக் குழந்தைதான் பெரும்பாலும் வெளிறிப்போகிறது. பால் அளவைக் குறைத்த முதல் சில நாள்கள் அழுகை இருக்கும். அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். பெரியவர்கள் குடிக்கும்போது மடியில் உள்ள குழந்தைக்கு இரண்டு மடக்குத் தேநீர் கொடுப்பதையும் அறவே விட்டுவிடுங்கள். தேயிலையின் துவர்ப்புப் பொருள் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கிறது.

உடல் மிக எளிதாக எடுத்துக்கொள்ளும் இரும்பு ஈரல், சுவரொட்டி எனப்படும் ஆட்டு மண்ணீரல், இறைச்சி, மீன் ஆகியவற்றில் உள்ளது. அசைவம் உண்ணும் வீட்டில் எட்டு, ஒன்பது மாதத்திலிருந்தே நன்றாக வேகவைத்து மசித்த ஈரலை வாரம் ஒரு முறை சிறிதளவு கொடுக்கலாம். சைவ வீட்டில் பருப்பு, கம்பு, கேழ்வரகு, எள், கீரை ஆகியவற்றோடு நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா, தக்காளி போன்ற ஒன்றைச் சேர்த்தே கொடுக்க வேண்டும். அவற்றிலுள்ள வைட்டமின் சி, தாவர உணவின் இரும்பு உடலில் சேர்வதைக் கூட்டுகிறது. பருப்புக் கீரை மசியலில் இறக்கியபின் பிழியும் அரை மூடி எலுமிச்சைக்கு அத்தனை மதிப்பு உண்டு. அங்கன்வாடியில் தரும் சத்துமாவை மாட்டுத் தீவனத்தில் கலந்துவிடும் வீடுகளும் இருக்கின்றன. அதைக் கஞ்சியாகவோ கொழுக்கட்டையாகவோ செய்து குழந்தைக்கே கொடுங்கள்.

கையும் வாசலும்

மண்ணில் விளையாடுவதைத் தடை செய்ய வேண்டாம். ஓடி ஆடி மண்ணை அளைவது வளர்ச்சிக்குத் தேவையானது. எந்த மண்ணில் விளையாடலாம் என்பதைப் பெற்றோர் தேர்ந்தெடுக்க வேண்டும். வீடு கட்டுவதற்காகத் தெருவில் குவித்திருக்கும் மணல் மேடு குழந்தைகளை ஈர்ப்பது இயற்கை; அதே மேட்டைத்தான் தெருவிலுள்ள பூனைகளும் நாய்களும் கழிப்பிடமாகப் பயன்படுத்துகின்றன. அவற்றின் எச்சத்தில் உள்ள புழு முட்டைகள் மனிதக் குழந்தையின் ஈரலையும் கண்ணையும் தாக்கவல்லவை. சொந்த மணலானால் இரவில் தார்ப்பாயால் மூடி வையுங்கள்.

நகத்தை வாரந்தோறும் வெட்டுங்கள், வெளியிலிருந்து வந்ததும் சாப்பிடும் முன்னும் சோப்பால் கை கழுவுங்கள், செருப்பு அணிவியுங்கள். உதிரும் சுவரைப் பூசி முடியும் வரை அலமாரியையோ பாயையோ சாய்த்து மறையுங்கள். குறிப்பில் கண்ட பசி நேரத்துக்குச் சற்று முன்னதாகவே இட்லித் துண்டு, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வாழைப்பழம் போன்ற ஒன்றைக் கையில் கொடுங்கள். வேர்க்கடலை, பொட்டுக்கடலை போன்ற முழுப் பருப்புகள் மூச்சுக்குழலில் சிக்கும் என்பதால் இந்த வயதில் கூடாது. கை அளைவதில் நாட்டமுள்ள குழந்தைக்குப் பிசைந்த கோதுமை மாவு உருண்டையைக் கொடுத்து அருகில் அமர்ந்திருங்கள்.

மண்ணை வாயருகே கொண்டுசெல்லும்போது கூச்சலிடாமல் கையைப் பிடித்துத் தட்டிவிட்டு, "மண்ணு விளையாட, சோறு திங்க" என்பது போன்ற ஒரே சொற்றொடரை ஒவ்வொரு முறையும் எல்லோரும் சொல்லுங்கள். தாய் அதட்ட, தாத்தா சிரிக்க, அத்தை கைப்பேசியில் படமெடுத்தால் குழந்தைக்கு அதுவே விளையாட்டாகிவிடும். விரலில் மிளகாய்ப் பூசுவது, வேப்பெண்ணெய் தடவுவது, கட்டிவைப்பது, சூடு வைப்பது ஆகியவை கொடுமை என்றே சொல்வேன். குழந்தை மண்ணை விடுவதில்லை. ஒளிந்து தின்னப் பழகுகிறது, அதனால் நீங்கள் கவனிக்கும் வாய்ப்பும் போய்விடுகிறது.

எப்போது மருத்துவமனைக்கு விரைய வேண்டும்

திரும்பத் திரும்ப வாந்தி, குறிப்பாகப் பச்சை நிற வாந்தி, வயிறு கல் போல் உப்புதல், மலம் கழியாமை, மலத்தில் ரத்தம், வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம், மூச்சு வாங்குதல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்கக் கூடாது. மண்ணும் புழுக்களும் குடலை அடைத்துவிடுவதுண்டு. அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. அவசரமல்லாத ஐயங்களுக்கு 104 என்ற சுகாதார உதவி எண்ணில் கேட்கலாம்.

இரும்புச்சத்தும் பூச்சி மாத்திரையும் முறையாகக் கொடுத்த பின்னும், இரண்டு வயதைக் கடந்த குழந்தை உணவல்லாத பொருளைத் தின்றுகொண்டே இருந்தால், வளர்ச்சிப் பரிசோதனை தேவை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, கண்ணைப் பார்க்காமை, பேச்சுத் தாமதம் ஆகியவையும் சேர்ந்திருந்தால் தாமதிக்காதீர்கள். ஆட்டிசம், அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளிடம் இப்பழக்கம் கூடுதலாகக் காணப்படுகிறது. அவர்களுக்கு மருந்தைவிடப் பயிற்சி முதன்மையானது. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கண்டறிந்து பயிற்சி தரும் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் உள்ளன. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் பெற்றுச் செல்லுங்கள்.

குழந்தைக்கு ரத்தசோகை என்று முடிவு வந்தால், அதே நாளில் தாயும் தன் ரத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கருவிலிருக்கும்போது தாய்க்கு இரும்புச்சத்துக் குறைந்திருந்தால் குழந்தை குறைந்த சேமிப்போடுதான் பிறக்கிறது. அந்தக் குறை பிரசவத்துக்குப் பின்னும் தாயிடம் அப்படியே தொடர்வது மிகச் சாதாரணம். அவருக்கும் மண், சாம்பல், பச்சரிசி மீது நாட்டம் இருந்தால் கூச்சப்படாமல் செவிலியரிடம் சொல்லட்டும். மூத்த குழந்தைகள் இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.